முன்னால் நிற்பவள்

கொலராடோவின் மேற்குக் கோடியில், செம்மணற்பாறைகளில் வண்டியை ஏற்றி இறக்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாதை மோசமாகிவிட்டால் வண்டிக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் நிற்கலாம். அந்த ஆளின் கை காட்டுவதை மட்டும்தான் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டும். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மீறி எவனாவது "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்தினால், மத்தியானச் சாப்பாடு முடியும்வரை அவனை வறுத்தெடுத்துவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின் மூக்கு தெரியும், வானம் தெரியும். சக்கரம் எந்தக் கல்மேல் இருக்கிறது என்பது வெளியே நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

ஓரின் என்பவனின் வண்டிக்கு முன்னால் எப்போதும் அவன் மனைவி வெர்டாதான் நிற்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். நாலு விரலையும் மடக்கி மடக்கி அழைத்தால் 'வா'. ஒரு விரல் சாய்ந்தால் அந்தப் பக்கம் திருப்பு. முஷ்டி உயர்ந்தால் 'நில்'. வீட்டில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் இருந்திருக்கின்றன, எந்த வீட்டில்தான் இல்லை? அந்த நாட்களில்கூடப் பாறைக்கு முன்னால் அவள் விரல் அசைந்தால் அவன் சக்கரம் அசைந்தது.

போன அக்டோபரில், 'கழுதைத் தாடை' என்று இவர்கள் பெயர் வைத்திருக்கும் பாறைப்படியில்தான் அது நடந்தது. இடுப்பளவு உயரப் படி. அதன் நடுவே ஒரு வெடிப்பு. வெர்டா பின்பக்கம் பாறைச் சுவர் இருக்க, வண்டியைப் பார்த்து நின்றிருந்தாள். முன் சக்கரம் வெடிப்புக்குள் இறங்கிச் சிக்குவதைக் கண்டதும் முஷ்டியைத் தூக்கினாள். ஓரின் நிற்கவில்லை. அவன் கண் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது. ஆனால் கால் மட்டும் மேலும் அழுத்தியது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன் அச்சு முறிந்தது. வண்டி ஒரு துள்ளு துள்ளி முன்னால் வந்து, அவள் முழங்காலுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

எல்லோரும் ஓடிவந்து வண்டிக்கு அடியில்தான் குனிந்து பார்த்தார்கள். அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

"சொன்னேன்ல தலைவரே?" என்றான் ஹாஸ்கல். அந்தக் கூட்டத்தை முன்னின்று கூட்டிப்போகிறவன் அவன். ஐம்பது வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். "அரை டன் வண்டியோட அச்சு இது. பால்காரன் ஓட்டுறதுக்குச் செஞ்சது. இவ்ளோ பெரிய டயரை மாட்டிட்டு இந்தக் குச்சிய வச்சா தாங்குமா?"

"குச்சிதான்," என்றான் ஓரின், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "இந்தக் குளிர்காலத்துல ஒரு டன் லாரியோட அச்சு ரெண்டா மாத்திடறேன். முன்னாலயும் பின்னாலயும். அப்புறம் பாரு."

அவர்கள் வழக்கமே அப்படித்தான். எது உடைந்தாலும் பழி இரும்பின்மேல்தான். இரும்பைக் கனமாக்கிவிட்டால் குறை தீர்ந்தது. வெர்டா போய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அச்சு உடைந்தது மெலிவால் அல்ல என்று அவளுக்குத் தெரியும். அவள் கையை அவன் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காப்பி ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்கிறான். யாருடைய முகத்தையும் நேரே பார்க்காமல், காதைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் விலகிப் பார்க்கிறான். மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்திருக்கிறான், பக்கம் வேறு, பாட்டு வேறு. அவனுடைய தாய்க்கும் அப்படித்தான் இருந்தது. கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி விழுந்து, பார்க்கிற முகத்தையே மறைத்துவிடும். ஓரங்கள் மட்டும் தெரியும்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன். பனியில் முயல் குறுக்கே போனால் பிள்ளைகளுக்கு முன்னால் அவன்தான் பார்ப்பான். அவனிடம் போய் எப்படிச் சொல்வது? டவுனுக்குப் போகும்போதெல்லாம், "நான் ஓட்டறேன், சும்மா உட்கார்ந்து வந்தா தூக்கம் தூக்கமா வருது," என்று சாவியை அவள் எடுத்துக்கொண்டாள். அவனும் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். அப்படிக் கொடுத்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

நவம்பரில் ஒரு பண்ணைக்காரரின் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைச் சரிசெய்து கொடுத்து, அதற்குப் பதிலாக அவருடைய செத்துப்போன வைக்கோல் லாரியை இழுத்துக்கொண்டு வந்தான் ஓரின். அதன் அடியில் இருந்தன அந்த அச்சுகள். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பாகம், இங்கே எல்லோரும் அதைப் பூசணி என்பார்கள், அதைக் கட்டிப்பிடித்தால் கை எட்டவில்லை.

"இத மாட்டிட்டா வண்டி தேவாலயத்தையே இழுத்துட்டு வரும்," என்றான்.

"பாதிரியார் உள்ள இருக்கறப்ப இழுக்காதே," என்றாள் அவள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் ஷெட்டில்தான் இருந்தார்கள். விறகு அடுப்பு ஒரு மூலையில். அதன்மேல் மான்கறி ஒரு பானையில் கொதித்துக்கொண்டே இருக்கும். வெளியே பனி கூரையிலிருந்து பொத்தென்று விழும். வெர்டா துருவைத் தேய்த்தாள், பிரேக் குழாய்களைக் கழுவினாள், பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றி வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவன் ஷெட்டுக்குள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து போனதுதான் உண்டு. இப்போது அவளுக்கென்று ஒரு ஸ்பேனர், அவளுக்கென்று ஒரு முக்காலி, கிரீஸ் படிந்த அவன் பழைய கோட் ஒன்று.

வெல்டிங் வேலை வந்ததும் ஓரின், "ஹாஸ்கல கூப்பிடலாம்," என்றான்.

இதைக் கேட்டு ஹாஸ்கலே மலைத்துப்போனான். "என்னையா? தலைவரே, போன தடவை உங்க வெல்டிங் மெஷினைத் தொட்டதுக்கு நாய விட்டு விரட்டினீங்களே?"

"அந்த நாய் செத்துப்போச்சு. வந்து ஒட்டு."

ஸ்பிரிங் உட்காருகிற தட்டுகளை ஹாஸ்கல் ஒட்டினான். ஓரின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஒட்டும் ஆறினதும் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க மறுபடியும் போடு, பள்ளமா இருக்கு," என்றான். ஹாஸ்கல் விளக்கைப் பிடித்துப் பார்த்தான். பள்ளமாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் பல்சக்கரங்களைப் பொருத்தினார்கள். பெரிய டயருக்கு ஏற்ற புதுப் பல்சக்கரங்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் பாதி மறு பாதியோடு சண்டை போடும். பல்லும் பல்லும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க ஒரு மஞ்சள் பசை உண்டு. பற்களில் அதைப் பூசி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால், எங்கே உரசுகிறதோ அங்கே பசை விலகி ஒரு தடம் விழும். அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிவதுதான் வித்தை. ஓரின் பூசினான், சுற்றினான், குனிந்தான். தலையை ஒரு பக்கம் திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். விளக்கைக் கிட்டே இழுத்தான்.

"இந்த பல்பு செத்துக்கிட்டிருக்கு," என்றான்.

பல்பு போன வாரம்தான் புதிதாக மாட்டியது. வெர்டா முக்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பாக்கறேன். என்ன பாக்கணும் சொல்லு."

"தடம் எங்க இருக்கு? பல்லோட நடுவுலயா, தலைப்பக்கமா, அடிப்பக்கமா?"

"தலைப்பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கு. மேலுதட்டுல மீசை வரைஞ்ச மாதிரி."

"அப்ப சின்னச் சக்கரம் இன்னும் உள்ள போகணும். தகடு ஒண்ணு கூடப் போடணும்."

கழற்றினார்கள், தகடு போட்டார்கள், பூட்டினார்கள், பூசினார்கள், சுற்றினார்கள். மறுபடியும் கழற்றினார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசித் தடவை அவள், "நடுவுல வந்துருச்சு, ஓரின். நல்ல பாதாம் பருப்பு மாதிரி," என்றபோது, அவன் அந்தப் பல்லைப் பார்க்கவே இல்லை. அவள் பக்கம் திரும்பி, அவள் காதைப் பார்ப்பதுபோல் பார்த்து, "நீ சொன்னா சரிதான்," என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, இரண்டு பேர் கையிலும் மஞ்சள் அப்பியிருந்தது, அவன் சன்னமாக விசில் அடித்துக்கொண்டிருந்தான். அந்த விசிலை அவளால் நிறுத்த முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கூட்டம் கிளம்பியது. பத்துப் பன்னிரண்டு வண்டிகள். கனத்த அச்சுகளின்மேல் ஓரினின் பிக்கப் வண்டி முன்னைவிட உயரமாக, கொஞ்சம் அகலமாக, கால் விரித்து நிற்கும் எருது மாதிரி நின்றது. எல்லோரும் வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சமவெளிப் பாதையில் வெர்டாதான் ஓட்டினாள். பாறை தொடங்கும் இடத்தில் ஓரின் வழக்கம்போல இடம் மாறி உட்கார்ந்தான். சின்னச் சின்ன ஏற்றங்களில் முன்னால் போன வண்டியின் சத்தத்தைக் கேட்டே ஓட்டினான். ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் கதவின் பிடியை விடவே இல்லை.

கழுதைத் தாடை வந்தது. ஒவ்வொரு வண்டியாக ஏறிப்போனது. இவர்கள் முறை வந்தபோது, ஓரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இறங்கு கண்ணு. போய் நில்லு," என்றான்.

வெர்டா இறங்கினாள். பாறைச் சுவர்வரை நடந்தாள். போன தடவை நின்ற அதே இடத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்து வந்துவிட்டாள்.

"நான் நிக்கல."

"என்ன?"

"இன்னிக்கு நிக்க மாட்டேன், ஓரின்."

மேலே நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாஸ்கலின் மனைவி நோரீன் மேலேயிருந்து, "என்னடி, காலையிலயே சண்டையா? பாவம், சாப்பிட்டுட்டாவது சண்டை போடக் கூடாதா?" என்று கத்தினாள்.

"அவ கெடக்கா, நான் நிக்கறேன் தலைவரே!" ஹாஸ்கல் தொப்பை குலுங்க இறங்கி வந்தான். வெர்டா ஒரு வார்த்தை எடுப்பதற்குள், நேரே போய்ப் பாறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டான்.

தான் விலகிக்கொண்டால் போதும், தப்பிவிடலாம் என்றுதானே அவள் நினைத்திருந்தாள்? இப்போது வேறு ஒருவன், மூன்று பிள்ளை பெற்றவன், ஒன்றும் தெரியாமல் அந்த இடத்தில் நிற்கிறான். ஓரின் கியரைப் போட்டுவிட்டான். எஞ்சின் உறுமியது. கூட்டத்துக்கு முன்னால் கத்திச் சொல்லலாம். கத்தினால் அந்த மனுஷன் எல்லோர் முன்னாலும் ஒடிந்துபோவான்.

அவள் ஓடினாள். கதவின் படியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஹாஸ்கல் இப்ப என்ன காட்டறான்?"

ஓரின் நேரே பார்த்தான். தாடை இறுகியது.

"வான்னு காட்டறான்."

"பாத்துச் சொல்லு."

"வான்னுதான் காட்டறான், வெர்டா. கையை விடு."

"அவன் காப்பி குடிச்சிட்டிருக்கான், ஓரின்."

உண்மையில் ஹாஸ்கல் பிளாஸ்கின் மூடியில் காப்பியை ஊற்றி, சூடு தாங்காமல் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். இவர்கள் ஏதோ குடும்ப விஷயம் பேசுகிறார்கள் என்று மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓரின் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது. ஜூனிப்பர் மரங்களில் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்தபடியே இருந்தான்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"இங்கதான். அச்சு ஒடைஞ்ச அன்னிக்கு. நான் நில்லுன்னு காட்டினேன்."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். எங்கே நின்றாள், வண்டி எவ்வளவு துள்ளியது, எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. உதடு வெளுத்துவிட்டது.

"உன்மேல ஏத்தியிருப்பேன்."

"ஏத்தல."

"ஏத்தியிருப்பேன்டி." குரல் பிசிறியது. "நான்... அச்சு கனமா இருந்தா என் தப்ப அது தாங்கிக்கும்னு நெனச்சேன். கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் ஒடையாதுன்னு."

"இரும்பு தாங்கும். நான் தாங்க மாட்டேனே."

அவன் தலை குனிந்தபடியே கேட்டான். "அப்புறம் ஏன் குளிர்காலம் பூரா என்கூட உட்கார்ந்து இதை மாட்டின? அப்பவே சொல்லியிருக்கலாமே."

வெர்டா ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் தள்ளினாள்.

"எனக்கு அந்த ஷெட்டு புடிச்சிருந்துச்சு," என்றாள் கடைசியில். "நீ விசில் அடிச்சிட்டிருந்த. சொன்னா நின்னுடும்னு பயமா இருந்துச்சு."

"பைத்தியக்காரி."

"நீ மட்டும்? பல்பு செத்துப்போச்சாம், பல்பு!"

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அவள் ஜன்னல் வழியாகவே அவன் தலையை இழுத்துத் தன் தோளோடு வைத்துக்கொண்டாள். அவன் தொப்பி கழன்று வெளியே விழுந்தது. எடுக்கவில்லை.

"தலைவரே!" ஹாஸ்கல் கூப்பிட்டான். "நான் நிக்கவா, இல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வரவா?"

ஓரின் நிமிர்ந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். வண்டியில் தொங்கும் ரேடியோவின் மைக்கைத் தடவி எடுத்தான். அதில் பேசினால் எல்லா வண்டிகளிலும் கேட்கும். வெர்டா அவன் மணிக்கட்டைப் பிடித்து, "வேண்டாம், இப்பவே வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்," என்றாள்.

"இப்பவேதான். அவன் அங்க நிக்கறான் பாரு." மைக்கின் பொத்தானை அழுத்தினான். "எல்லாரும் கேளுங்க. ஓரின் பேசறேன். என் கண்ணு போயிட்டிருக்கு. நடுவுல ஒண்ணும் தெரியல. போன தடவை அச்சு ஒடைஞ்சது அச்சோட தப்பு இல்ல, என் தப்பு. இனிமே இந்த வண்டிய வெர்டா ஓட்டுவா. அவ்ளோதான்."

பாறைமேல் நின்றவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பாறைச் சுவரோடு நின்ற ஹாஸ்கல், பின்னால் இருந்த சுவரையும் முன்னால் இருந்த வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். காப்பி மூடியை மெல்லக் கீழே வைத்தான். கடைசியில் நோரீனின் குரல்தான் கரகரவென்று ரேடியோவில் வந்தது.

"அப்பாடா! இப்பவாவது அந்த வண்டிக்கு ஒழுங்கா ஓட்டற ஆள் கெடைச்சுது. ஓரின், உனக்குப் பீச் பழப் பணியாரம் எடுத்து வச்சிருக்கேன். அவள ஏறி வரச் சொல்லு, சீக்கிரம், ஆறிடும்."

ஓரின் இறங்கி, வண்டியின் மூக்கில் கை வைத்துக்கொண்டே சுற்றி வந்து, மறுபக்கம் ஏறினான். வெர்டா சீட்டை முன்னுக்கு இழுத்தாள். தார் ரோட்டில் எத்தனையோ ஓட்டியிருக்கிறாள். பாறையில் இந்த இடத்திலிருந்து ஒரு அடிகூட ஓட்டியதில்லை. மூக்கும் வானமும்தான் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஹாஸ்கல், இப்போது சுவரை விட்டு நன்றாக ஒதுங்கி நின்று, நாலு விரலை மடக்கி மடக்கி அழைத்தான்.

"நான் கத்தினா நீ பதிலுக்குக் கத்தக் கூடாது," என்றாள்.

"நான் எப்ப கத்தினேன்?"

"வாயை மூடு. அவன் காட்டறான்."

ஏறினாள். முன் சக்கரம் நேரே போய் அந்த வெடிப்புக்குள் இறங்கியது. பயத்தில் அவள் கால் தானாகவே அழுத்தியது. எஞ்சின் அலறியது, டயர் கல்லைக் கடித்துப் புகைந்தது, அடியில் எங்கேயோ இரும்பு பெரிதாக முனகியது. ஹாஸ்கலின் முஷ்டி மேலே போயிருந்ததை அவள் அப்போதுதான் கண்டாள். சட்டென்று காலை எடுத்தாள்.

"ஒடைஞ்சுதா?"

ஓரின் கண்ணை மூடிக்கொண்டு, வண்டியின் அடித்தட்டில் ஒரு கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இல்ல. கெட்டியா இருக்கு. முனகுச்சு, அவ்ளோதான். நீ படிச்சுச் சொன்ன தடந்தானே, எப்படி ஒடையும்?" என்றான். "கொஞ்சம் பின்னால விடு. வலது பக்கம் ஒரு விரலளவு திருப்பு. இப்ப மெதுவா. சத்தம் ஏறாம. ஆவி பறக்கற சூப்ப தூக்கிட்டுப் போற மாதிரி."

அவள் ஹாஸ்கலின் விரலைப் பார்த்தாள். பக்கத்தில் வரும் குரலையும் கேட்டாள். ஒரே ஆள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. அன்றைக்கு மட்டும் ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சக்கரம் வெடிப்பின் விளிம்பைப் பிடித்தது, நழுவியது, மறுபடி பிடித்தது. மூக்கு வானத்துக்கு ஏறியது. பின்னால் கனத்த அச்சு ஒரு தடவை கல்மேல் உட்கார்ந்து, இழுத்து, தட்டென்று மேலே வந்தது.

மேலே எல்லோரும் கை தட்டினார்கள். ஹாரன்கள் அடித்தன. நோரீன் தட்டோடு ஓடி வந்தாள். வெர்டா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கிளட்சை மிதித்திருந்த இடது கால் தையல் மெஷின் ஊசி மாதிரி நடுங்கியது. விட்டால் வண்டி பாய்ந்துவிடும். விடாமலும் தாங்க முடியவில்லை. கியரை என்ன செய்ய வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஓரின் கையை நீட்டி, அவள் முழங்காலைத் தொட்டு, அங்கிருந்து தடவி கியர் கம்பியைப் பிடித்தான். மெல்ல அசைத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஆச்சு," என்றான். "இப்ப காலை எடு, கண்ணு."

அவள் எடுத்தாள்.